‘விநாயகர் காப்பு’ என்ற பெயரில் ஏழு சுவடிகள்: நாஞ்சில் நாட்டுக் கதைப்பாடல் தொகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரம் வட்டத்து ஊர் ஒன்றில், மூன்று தலைமுறையாக வில்லுப்பாட்டுப் பாடிவந்த ஒரு குடும்பத்தின் வீட்டு மச்சில் ஒன்பது ஓலைக் கட்டுகளும் ஒரு தகரப்பெட்டி நிறையக் கைநோட்டுகளும் இருந்தன. அவை ஸ்கேன் செய்யப்பட்டு மின்னூலகம் ஒன்றில் ஏற்றப்பட்டபோது, ஒன்பதில் ஏழு கட்டுகளுக்குத் தலைப்பு ‘விநாயகர் காப்பு’ என்று பதிவாகியிருந்தது. எஞ்சிய இரண்டில் ஒன்றன் ஆண்டு 1032 என்று இருந்தது. முதல் பிழையின் காரணம் எளிது. ஸ்கேன் செய்ய ஒப்பந்தம் எடுத்தவர்களின் பணியாளர் ஒவ்வொரு கட்டிலும் முதல் ஏட்டின் முதல் வரியைத் தலைப்பாக எடுத்துக்கொண்டார். கதைப்பாடல் எதுவாயினும் காப்பில்தான், அதாவது கடவுளை வேண்டும் முதல் பாட்டில்தான், தொடங்கும். இரண்டாவது பிழை சற்றுச் சுவையானது. ஏட்டின் கடைசியில் எழுதியவர் குறித்து வைத்திருந்தது, மலையாள நாட்டில் வழங்கும் கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1032, தை மாதம் 9. பதிவுப் படிவத்தில் இருந்ததோ நான்கு இலக்க ஆண்டுக்கான ஒரே ஒரு கட்டம். ஆகவே 1857 சனவரியில் எழுதி முடிக்கப்பட்ட அந்த ஏடு, காலவரிசைப்படி தேடியவர்களுக்கு முதலாம் இராசேந்திர சோழன் காலத்துச் சுவடியாகக் காட்சியளித்தது.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரி நூலகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த என்னிடம் இந்தப் பதிவுகளைத் திருத்தித் தரும் பொறுப்பு வந்தது. ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று எண்ணித்தான் ஒப்புக்கொண்டேன். மூன்று ஆண்டுகள் ஆயின. தலைப்பைத் திருத்தக் கதையைப் படிக்க வேண்டியிருந்தது, கதையைப் படிக்க ஏடுகளை வரிசைப்படுத்த வேண்டியிருந்தது, ஏடுகளை வரிசைப்படுத்தப் பாடத் தெரிந்தவரிடம் போய் உட்கார வேண்டியிருந்தது. ‘முதலில் நூலகம் சேர்த்து வைக்கட்டும், பிறகு ஆய்வாளர்கள் வந்து ஆராயட்டும்’ என்ற வேலைப்பிரிவினை எங்கள் கண்முன்னே பொருளற்றுப்போன கதையே இந்த நிகழ்வு ஆய்வு.

பெயரைப் பற்றி ஒரு சொல். மொழி, இலக்கியம், வரலாறு, கலை ஆகியவற்றைக் கணினி வழியில் ஆராயும் துறைக்குத் தமிழில் இன்னும் ஒரே பெயர் நிலைபெறவில்லை. ‘மானுடவியல்’ என்ற சொல் வேறொரு துறைக்கு ஏற்கெனவே பட்டா போடப்பட்டுவிட்டதால், இக்கட்டுரையில் ‘எண்ணிம மானுடப்புலம்’ என்று குறிக்கிறேன். மின்னூலகம் என்பதற்கு அந்தச் சிக்கல் இல்லை.

இரண்டு ஊற்றுகள்

மானுடப்புலமும் மின்னூலகமும் வெவ்வேறு இடங்களில் பிறந்தவை. இத்தாலிய ஏசு சபைத் துறவி ராபர்ட்டோ பூசா, தாமஸ் அக்குவினாசின் எழுத்துகளிலுள்ள சொற்கள் அனைத்துக்கும் ஓர் அடைவு செய்ய விரும்பி 1949-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் உதவியை நாடினார். துளையட்டைகளில் தொடங்கிய அந்த வேலை 1974 முதல் 1980 வரை 56 தொகுதிகளாக அச்சேறியது. அவருக்கு வேண்டியிருந்தது சேமிப்பன்று, ஒரு கேள்விக்கான விடை. 1971-இல் மைக்கேல் ஹார்ட் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து குட்டன்பர்க் திட்டத்தைத் தொடங்கியபோது, அவருக்குக் கேள்வி ஏதுமில்லை. எல்லார் கையிலும் நூல் போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம். மானுடப்புலம் பூசாவின் வழியிலும் மின்னூலகம் ஹார்ட்டின் வழியிலும் வந்தவை என்று சொன்னால் சற்று எளிமைப்படுத்தியதாகும். ஆனால் பெரிய தவறில்லை.

இவ்விரு வழிகளும் முதலில் முறையாகச் சந்தித்த இடங்களுள் ஒன்று, 1987 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சியில் கூடிய கூட்டம். பனுவல்களைக் கணினியில் குறியிடப் பொது நெறிகள் வேண்டும் என்று அங்கே முடிவானது. அதிலிருந்து வளர்ந்ததே இன்று டி.இ.ஐ. என்று வழங்கும் குறியீட்டு முறை. ஒரு பனுவலில் எது தலைப்பு, எது ஆட்பெயர், எது ஊர்ப்பெயர், எது எழுதியவரின் பிழை, எது பதிப்பித்தவரின் திருத்தம் என்பதைப் பனுவலுக்குள்ளேயே அடையாளமிட அம்முறை வழி செய்கிறது. நூலகருக்குப் பட்டியல் எழுதும் கலை தெரியும். ஆய்வாளருக்குப் பாடவேறுபாடு தெரியும். இரண்டையும் ஒரே கோப்பில் வைக்கலாம் என்பதுதான் அன்றைய புதுமை.

தமிழில் இந்த வரலாறு சற்று வேறு விதமாக நடந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து எழுத்துவடிவில் தந்தார்கள். சொல் தேடலாம், ஆனால் அச்சுப் பக்கத்தின் முகம் தெரியாது. பின்னால் வந்த பெரிய மின்னூலகங்கள் பெரும்பாலும் பக்கங்களைப் படமாகத் தந்தன. முகம் தெரியும், சொல் தேட முடியாது. தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் 2000-க்கும் மேற்பட்டவற்றைப் பொதுவுரிமையில் விக்கிமூலம் என்ற தன்னார்வலர் மின்னூல் தளத்துக்கு வழங்கியபோது, பக்கப் படமும் எழுத்துவடிவமும் அருகருகே நின்றன. மெய்ப்பு பார்க்காத பக்கம் சிவப்பாகவும், ஒருவர் பார்த்தது மஞ்சளாகவும், இன்னொருவரும் சரிபார்த்தது பச்சையாகவும் தெரிந்தது. இந்த மூன்று நிறங்கள் எங்கள் வேலையில் பெரிய பாடமாயின என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த மாவட்டத்தின் தனி நிலைமை

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ் பேசும் மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு முந்திய அரசு ஆவணங்களுக்குத் திருவனந்தபுரம் செல்ல வேண்டும்; பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகள் எனப்படும் பழைய கோயில் ஆவணங்களும் அங்கேயே உள்ளன. 19-ஆம் நூற்றாண்டில் நாகர்கோவில், நெய்யூர் ஆகிய இடங்களில் பணியாற்றிய லண்டன் மிஷனரிகள் தங்கள் தலைமையகத்துக்கு எழுதிய கடிதங்களைக் காண லண்டனில் உள்ள ஆசிய ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியின் நூலகத்தை நாட வேண்டும். சென்னைக்குப் போனால் பெரும்பாலும் 1956-க்குப் பிந்தியவையே கிடைக்கும். இந்நிலையில் மின்னூலகம் என்பது இங்கே ஆடம்பரமன்று. தோவாளையில் இருக்கும் ஒரு மாணவி தன் ஊரைப் பற்றிப் படிக்க வேறு வழி குறைவு.

வீட்டுப் பரணில் கிடப்பது வரலாறு ஆவதற்கு இங்கேயே நல்ல முன்மாதிரி உண்டு. அழகியபாண்டியபுரத்து முதலியார் குடும்பத்தின் ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை படித்து, படியெடுத்து, வெளியிட்டார். அதன் பின்னரே அவை நாஞ்சில் நாட்டு வரலாற்றுக்கு ஆதாரமாயின. அவ்வோலைகள் அதற்கு முன்பும் பத்திரமாகத்தான் இருந்தன. பத்திரமாக இருப்பது வேறு, படிக்கப்படுவது வேறு.

படம் எடுத்ததில் போனவை

எங்கள் தொகுப்புக்கு வருகிறேன். படங்கள் நல்ல துல்லியத்தில் இருந்தன. அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு படத்தின் ஓரத்தையும் மென்பொருளால் வெட்டியிருந்தார்கள். ஓலையின் இடது ஓரத்தில், முன்பக்கத்தில், தமிழ் எண்ணில் ஏட்டெண் எழுதப்பட்டிருக்கும். வெட்டியதில் பாதிக்கு மேற்பட்ட ஏடுகளின் எண் போய்விட்டது. ஏட்டெண் இல்லாத சுவடி, கோக்காத மாலை. கைநோட்டுகளில் இழப்பு இன்னும் கூடுதல். பாடியவர் நீலப் பென்சிலால் ஓரத்தில் இட்ட குறிகள், அதாவது விடிவதற்குள் முடிக்க நேரம் போதாவிட்டால் எந்த அடியிலிருந்து எந்த அடிக்குத் தாவ வேண்டும் என்பதற்கான அடையாளங்கள், முழுவதும் வெட்டுப்பட்டிருந்தன. வெட்டியவருக்கு அவை கறை.

ஆகவே மறுபடியும் படம் எடுத்தோம். கட்டைப் பிரித்து, ஏடுகளைக் கோத்திருந்த நாராசக் கம்பியை உருவி, ஒவ்வோர் ஏட்டையும் மென்தூரிகையால் தூசி தட்டி, எலுமிச்சைப்புல் எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டுத் துடைத்தபோது, எழுத்தாணிக் கீறலில் இருந்த கரி மங்கிப்போன இடங்களில் எழுத்து இருந்ததே தெரியவில்லை. விளக்கை நேர் மேலே வைக்காமல், மேசை மட்டத்தில் பக்கவாட்டில் சாய்த்து வைத்ததும், கீறலின் நிழல் எழுந்து எழுத்து வெளிப்பட்டது. ஒரு மாணவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருவர் படமெடுத்தார். இந்தமுறை ஓரம், துளை, நூல் தேய்த்த வடு, வெற்றுப் பக்கம் என எதையும் விடவில்லை.

ஏட்டு வரிசையில் ஓர் அடிப்படை முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கட்டில் ஏடுகள் இருந்த வரிசை ஒன்று. கதை செல்லும் வரிசை மற்றொன்று. பழைய வழியில், கதை வரிசைப்படி படங்களுக்குப் புது எண் கொடுத்து ஒரே பி.டி.எஃப். ஆக்கிவிடுவார்கள், அப்படிச் செய்தால் முதல் வரிசை என்றென்றைக்கும் அழிந்துவிடும். 2011 முதல் உலக நூலகங்கள் பல சேர்ந்து வளர்த்துவரும் ட்ரிபிள்-ஐ எஃப். என்ற பட வழங்கு முறையில், படக்கோப்புகளைத் தொடாமல், வரிசையை மட்டும் தனி விவரக்கோப்பில் எழுதலாம். ஒரே படத்தொகுதிக்கு இரண்டு விவரக்கோப்புகள் எழுதினோம். நூலகரின் பார்வைக்குக் கட்டு கட்டாகவே இருக்கிறது. வாசகரின் பார்வைக்குக் கதை கதையாக ஓடுகிறது.

‘காப்பு’க்கு உள்ளே

தலைப்புகளைத் தீர்க்க, அந்தக் குடும்பத்தின் மூத்தவரை நாடினோம். வில்லடித்த கை ஓய்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன, நினைவு ஓயவில்லை. மாணவர்கள் அவரைப் பாட்டா என்றே அழைத்தார்கள். மடிக்கணினித் திரையில் ஏழு முறை ‘விநாயகர் காப்பு’ என்று இருந்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “எல்லாப் பாட்டுக்கும் காப்பு உண்டும் மக்கா. பாட்டுக்க பேரு உள்ள போனாத்தான் தெரியும்.”

உள்ளே போனோம். ஒரு கட்டு என்பது ஒரு நூல் என்ற எங்கள் எண்ணமே முதலில் உடைந்தது. ஒரு கட்டில் சுடலைமாடன் கதையும், அதன் நடுவே இரண்டு ஏடு குழந்தைப் பிறப்புக் குறிப்பும், கடைசியில் வயல் பாட்டக் கணக்கும், அதாவது குத்தகைக் கணக்கும், இருந்தன. இன்னொன்றில் இசக்கி கதை பாதியில் நின்று, இரவிக்குட்டிப் பிள்ளை போர் தொடங்கியது. படிவத்தில் ‘ஒரு பொருள், ஒரு தலைப்பு, ஓர் ஆசிரியர்’ என்று மூன்று கட்டங்கள் இருந்தன. அவை அச்சுநூலுக்காக அளவெடுத்துத் தைத்த சட்டை. எங்கள் புதிய பதிவில் கட்டு என்பது ஒரு நிலை, அதற்குள் இருக்கும் பனுவல் அடுத்த நிலை, ஏடு அதற்கடுத்த நிலை என மூன்று அடுக்காயிற்று. தலைப்பு என்பதும் ஒன்றாக இல்லாமல், ஏட்டில் உள்ளபடி, பாடுவோர் வழங்கும் பெயர், ஆய்வுலகில் வழங்கும் பெயர் எனப் பிரிந்தது.

பாட்டக் கணக்கு ஏடு வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. அதில் மா, காணி, முந்திரி ஆகிய கீழ்வாய் இலக்கங்களுக்கான, அதாவது பின்னங்களுக்கான, குறிகள் இருந்தன. காணி 80-இல் ஒரு பங்கு, முந்திரி 320-இல் ஒரு பங்கு. ஏற்கெனவே யாரோ பாமினி என்ற பழைய கணினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்த பழைய படியில், அந்தக் குறிகள் வந்த இடமெல்லாம் வினாக்குறியாக இருந்தது. இக்குறிகளுக்கு, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் இடம் கிடைத்தது 2019-இல், 12-ஆம் பதிப்பில் தமிழுக்கென ஒரு துணைப்பகுதி சேர்க்கப்பட்டபோதுதான். அதற்கு முன் இத்தகைய கணக்கை எழுத்துவடிவில் நிலையாகச் சேமிப்பது இயலாத காரியமாகவே இருந்தது. அவரவர் தன் எழுத்துருவில் ஏதோ ஒரு விசையில் அதை ஒளித்துவைத்தார்கள், எழுத்துரு போனதும் கணக்கும் போயிற்று. இப்போதும் பல கணினிகளில் அக்குறிகள் வெற்றுக் கட்டமாகத்தான் தெரிகின்றன. ஆனால் கட்டத்துக்குப் பின்னால் சரியான குறி இருக்கிறது என்பது பெரிய மாற்றம்.

ஒரு சொல்லின் இரண்டு வடிவம்

ஓலையில் புள்ளி இருக்காது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு இருக்காது. ரகரமும் காலும் ஒன்றாகவே எழுதப்படும். ஆகவே ஏட்டில் இருப்பதைத் தட்டச்சு செய்வது என்பதே பொருள் கொள்வதுதான். ஓர் ஏட்டில் ‘கொடடை’ என்று இருந்தது. போர்க்கதையில் அது வரும்போது கோட்டை, அரண். பாட்டக் கணக்கில் வரும்போது அதுவும் கோட்டைதான், ஆனால் நெல்லின் அளவு. மந்திர மருந்துக் குறிப்பில் வரும்போது கொட்டை. மூன்றும் ஒரே கட்டுக்குள் இருந்தன. சுவடியில் ‘கோட்டை’ என்று தேடுகிறவருக்கு எதைக் காட்டுவது?

டி.இ.ஐ. முறை இங்கே கைகொடுத்தது. ஒவ்வோர் இடத்திலும் ஏட்டில் உள்ளபடி ஒரு வடிவமும், படிக்கும் வடிவம் ஒன்றும் சேர்த்து வைத்தோம். படித்தவர் யார், எவ்வளவு உறுதியுடன் படித்தார் என்பதையும் குறித்தோம். விக்கிமூலத்தின் மூன்று நிறங்களை இதற்கு எடுத்துக்கொண்டோம். ஒரு திருத்தமும் செய்துகொண்டோம்: அங்கே பச்சை என்றால் இருவர் பார்த்தார்கள் என்று பொருள், எங்களிடம் பாடத் தெரிந்த ஒருவர் காதால் கேட்டு ஒப்பிய பின்னரே பச்சை. காரணம், கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த அடிகள் சில, பாட்டா வாய்விட்டுப் பாடியதும் சந்தம் இடறின. திருத்தினால் சொல்லும் தெளிந்தது. படத்திலுள்ள எழுத்தைத் தானே படிக்கும் ஓ.சி.ஆர். மென்பொருளைப் பற்றி இந்தப் பகுதியில் நான் பேசவேயில்லை; 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ‘லை’, ‘னை’ வடிவங்களைக் கொண்ட அச்சுநூல்களிலேயே அது அன்று தடுமாறியது, ஓலைக்கு அதனிடம் போவது வீணாகவே பட்டது.

காலக் குறிப்புகளையும் இவ்வாறே இரண்டாகப் பிரித்தோம். ‘௲௩௰௨ ௵ தை ௴ ௯ ௳’ என்று ஏட்டில் உள்ளது அப்படியே ஒரு கட்டத்தில். கிறித்துவ ஆண்டுக் கணக்கு இன்னொன்றில். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால், மாதம் தெரியாதபோது ஒரு கொல்லம் ஆண்டு இரண்டு கிறித்துவ ஆண்டுகளின் மேல் படுத்துக்கிடக்கும்: 824-ஐயும் கூட்டலாம், 825-ஐயும் கூட்டலாம். ஆகவே ‘இதற்கு முன் இல்லை, இதற்குப் பின் இல்லை’ என்ற இரு எல்லைகள் தேவை. இந்த மாவட்டத்துக்கு இது புதிய சிக்கலன்று. இங்குள்ள பார்த்திவசேகரபுரத்தின் சாலையை, அதாவது வேதக் கல்விக்கூடத்தைப் பற்றிய ஆய் மன்னன் கருநந்தடக்கனின் செப்பேடு தன் காலத்தைக் கலியுகம் தொடங்கியதிலிருந்து கழிந்த நாட்களாகவே, 14,49,087 என்று, சொல்கிறது. ஆய்வாளர்கள் அதை 866 என்று கணித்தார்கள். நான்கு இலக்கக் கட்டம் மட்டுமே உள்ள படிவத்தில் அந்தச் செப்பேட்டை எப்படிப் பதிவது என்று ஒருநாள் மாணவர்களிடம் கேட்டேன். “கட்டத்தை மாத்தணும் சார்” என்றார் ஒருவர். அதுதான் விடை. ஆனால் கட்டத்தை மாற்றும் அதிகாரம் நூலகத்தின் மென்பொருளை நடத்துபவரிடம் இருந்தது, அவர் படிவம் எல்லா மாவட்டத்துக்கும் பொதுவானது என்றார். நாங்கள் எங்கள் விவரங்களை இணைகோப்பாகத் தனியே வைத்துக்கொண்டோம். இது சரியான தீர்வு அன்று, ஆனால் அன்றைக்கு நடந்தது அது.

கலகமா, சாமியா

மிகுந்த நேரம் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். ஒரு கட்டில் தம்பிமார் கதை இருந்தது. திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மர் 1729-இல் ஆட்சிக்கு வந்த பின், முந்திய அரசரின் மக்களான தம்பிமார் அவரோடு மோதிக் கொல்லப்பட்டார்கள். அரசு வழி எழுதப்பட்ட வரலாற்றில் அவர்கள் அரசுக்கு எதிராக எழுந்தவர்கள். இங்குள்ள கதைப்பாடலில் அநியாயமாகச் சாவெய்திய வீரர்கள், அதனாலேயே தெய்வமானவர்கள். பட்டியலில் ‘பொருள்’ என்ற இடத்தில் முதலில் ‘உள்நாட்டுக் கலகம்’ என்று எழுதியிருந்தோம். அச்சான வரலாறுகளைப் பார்த்து எழுதியது. பாட்டா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். “கொடை குடுக்குற சாமிய கலகக்காரன்னு எழுதலாமா மக்கா?” என்று மெதுவாகத்தான் கேட்டார்.

பொருள் தலைப்பு நடுநிலையானது என்று நூலகவியல் பாடத்தில் படித்தவன் நான். அன்று அந்த நம்பிக்கை தளர்ந்தது. ‘கலகம்’ என்ற சொல்லைத் தேர்ந்தபோது நாங்கள் அரண்மனையின் பக்கம் நின்றுவிட்டோம், அதுவும் நிற்கிறோம் என்று தெரியாமலே. அந்தச் சொல்லை வைத்துத்தான் பிற்காலத்தில் ஒருவர் நூறு கதைப்பாடல்களை ஒன்றாக இழுத்து எண்ணப்போகிறார். எண்ணிக்கை துல்லியமாக வரும், அடிச்சொல் சாய்ந்திருக்கும். இப்போது அப்பதிவில் அரசியல் வரலாறு, வழிபாடு, வெட்டுப்பட்ட வாதைக் கதை என்ற மூன்றும் உள்ளன. மூன்றாவது பாடுவோரே வழங்கும் வகைப்பெயர். தெய்வப் பிறப்புக் கதையையும் வாளுக்கிரையானவர் கதையையும் அவர்கள் வேறுபடுத்தியே பாடுகிறார்கள். நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, அவர்களது பட்டியலை எங்கள் பட்டியலில் சேர்த்தோம்.

இந்தப் பின்னணியில்தான் ஓர் ஆய்வு மாணவி ஊர்ப்பெயர்களைக் கேட்டு வந்தார். கதைகளில் வரும் ஊர்களை வரைபடத்தில் குறித்து, எந்தத் தெய்வம் எந்த வழியாக வந்து எங்கே நிலைகொண்டதாகப் பாடப்படுகிறது என்று பார்க்க விரும்பினார். இரணியல் என்று தேடினால் ஒன்றும் வரவில்லை. கதையில் அவ்வூர் இரணியசிங்கநல்லூர். பத்மநாபபுரம் ஓரிடத்திலும் இல்லை, கல்குளம் இருந்தது. ஊருக்கு ஓர் அடையாள எண் கொடுத்து எல்லாப் பெயர்களையும் அதன்கீழ் சேர்த்த பின்பே அவரது வரைபடம் பிறந்தது. அவர் வேலை முடிந்ததும் அந்தப் பெயர்ப் பட்டியல் நூலகத்துக்கே திரும்பி வந்து, மற்ற தொகுப்புகளின் தேடலையும் சீராக்கியது. ஆய்வின் விளைபொருள் நூலகத்தின் உள்கட்டுமானமாக மாறியதை நான் நேரில் பார்த்தது அப்போதுதான்.

திறக்காத ஏடுகள்

எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவைப்பது மின்னூலகத்தின் இயல்பான ஆசை. குடும்பத்தார் இரண்டு இடங்களில் வேண்டாம் என்றார்கள். ஒன்று வரத்துப் பாட்டு: தெய்வம் ஆளின்மேல் இறங்கும் வேளையில் மட்டும் பாடுவது, அதைக் கண்ட நேரத்தில் யாரோ செல்போனில் ஓடவிடுவதை அவர்கள் விரும்பவில்லை. மற்றொன்று, அண்மைக்காலத்துக் கொலையொன்றைப் பாடும் கதை. கொன்றவர் வழியினரும் இறந்தவர் வழியினரும் இன்றும் அதே ஊரில் இருக்கிறார்கள். கோயிலில் பாடும்போது பெயர் சொல்லாமல் தாண்டும் இடம், தேடுபொறியில் பெயரோடு வந்து நிற்கும்.

உலகில் இதற்கு முன்னனுபவம் உண்டு. ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு பழங்குடி மக்களோடு சேர்ந்து 2007 வாக்கில் உருவான முகுர்ட்டு என்ற மென்பொருளில், எதை யார் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகமே வகுக்கிறது. எங்களுக்கு அத்தகைய மென்பொருளை நிறுவும் வசதி இல்லை. இரு பகுதிகளின் படங்களையும் குடும்பத்தாரிடம் ஒரு ஹார்டு டிஸ்கில் கொடுத்துவிட்டு, பட்டியலில் ‘இவ்விடத்தில் ஏடுகள் உண்டு, குடும்பத்தாரைக் கேட்டுப் பார்க்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினோம். இருப்பதை மறைக்கவில்லை, உள்ளதைக் கொட்டவுமில்லை. சில ஆய்வாளர்கள் இதைக் கோழைத்தனம் என்றார்கள். நான் அப்படிக் கருதவில்லை.

நிலைப்பு, கூலி, பெயர்

நிலைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பல லட்சம் நூல்களை ஸ்கேன் செய்த இந்திய மின்னூலகத் திட்டத்தின் தளம் 2017-ஐ ஒட்டி இயங்காமற்போனது. அதன் நூல்களில் பெரும்பகுதி இன்டர்நெட் ஆர்கைவில் படியாக இருந்ததனால்தான் இன்றும் கிடைக்கிறது. அங்கே தமிழ்த் தலைப்புகள் ஆங்கில எழுத்தில் அடையாளம் தெரியாமல் சிதைந்து கிடக்கின்றன என்பது பயன்படுத்திய எவருக்கும் தெரியும். நூல் பிழைத்தது, பெயர் பிழைக்கவில்லை. எங்கள் தொகுப்பு மூன்று இடங்களில் இருக்கிறது. விவரக்கோப்புகள் சாதாரண எழுத்துக்கோப்புகளாகவே இருக்கின்றன, எந்த மென்பொருள் போனாலும் அவற்றைத் திறக்கலாம்.

மூன்று ஆண்டு வேலையில் ஸ்கேன் செய்ததற்குப் பணம் கிடைத்தது. படித்ததற்கும் வரிசைப்படுத்தியதற்கும் குறியிட்டதற்கும் எந்தத் தலைப்பிலும் நிதி இல்லை. நூலகத்தார் அதை ஆய்வு என்றார்கள், ஆய்வுத்துறையார் அதை நூலக வேலை என்றார்கள். மாணவர்களுக்குப் போக்குவரத்துச் செலவுகூட நாங்களே பார்த்துக்கொண்டோம். ஆகவே பதிவு ஒவ்வொன்றிலும் யார் படமெடுத்தார், யார் படித்தார், யார் காதால் ஒப்பினார் என்று பெயர் வைக்கும் வழக்கத்தை மட்டும் விடாமல் கடைப்பிடித்தோம். ‘பங்களிப்பு’ என்ற கட்டத்தில் பாட்டாவின் பெயர் ஆய்வாளர் பெயர்களுக்கு முன்னால் இருக்கிறது. அவர் இப்போது இல்லை.

முதல் கட்டின் பதிவு இதுவரை ஏழு முறை திருத்தப்பட்டிருக்கிறது. கடைசித் திருத்தம் போன மாதம் நடந்தது. பாட்டாவின் மகள் கைபேசியில் பதிவைப் பார்த்துவிட்டு அழைத்தார். ஏட்டின் இறுதியில் வரும் பெயரை நாங்கள் எழுதியவர் என்று குறித்திருந்தோம். “சார், அது எழுதினவரு பேரு இல்ல, எழுதிக் கேட்டு வாங்கினவரு பேரு. எங்க பூட்டனுக்க மச்சினன். எழுதினவரு பேரு அடுத்த ஏட்டுக்க பின்பக்கம் இருக்கும் பாருங்கோ” என்றார். மறுபடியும் படம் எடுத்தபோது வெற்றுப் பக்கம் என்று எண்ணி எடுத்துவைத்த அந்தப் பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். வலது மூலையில், கரி ஏறாத கீறலாக, ஒரு பெயர் இருந்தது. அதற்கு இப்போது சிவப்பு நிறம் கொடுத்திருக்கிறோம்; இன்னும் ஒருவர் படிக்க வேண்டும்.